சிலம்பு போல ஒரு சான்று

தை பிறந்து மாரி ஓயத் தொடங்கியதும் மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோர ஊர்களிலும் பாடசாலை மைதானங்களில் சுண்ணாம்புக் கோடுகள் விழத் தொடங்கிவிடும். இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம். தரம் 6, 7 பிள்ளைகளின் ஓட்டத்தில் பெண்பிள்ளைகளின் வரிசை நீளமாக இருக்கும். ஆண்பிள்ளைகளுக்குச் சமமாகவே கத்துவார்கள், விழுவார்கள், முழங்காலில் மருந்து பூசிக்கொண்டு அடுத்த ஓட்டத்துக்கு வந்து நிற்பார்கள். தரம் 9 வந்ததும் அந்த வரிசை கரைகிறது. தரம் 10இல் அஞ்சலோட்டத்துக்கு நான்கு பேரைச் சேர்க்கவே இல்லப் பொறுப்பாசிரியை வகுப்பு வகுப்பாக ஏறி இறங்க வேண்டியிருக்கும். போன வருடம் முதலாவதாக வந்தவள் இந்த வருடம் அணிநடையில் கொடி பிடிக்கிறாள், அல்லது இல்லம் சோடிக்கக் கடதாசி வெட்டிக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்கு ஆசை போய்விட்டது என்று நினைப்பவர்கள் அவளிடம் பேசிப் பார்த்ததில்லை. ஆசை அப்படியேதான் இருக்கிறது. வீட்டில்தான் வாதம் தோற்றுப்போகிறது. பெரியபிள்ளை ஆகிவிட்டாய், வெயிலில் கறுத்துப் போவாய், டியூஷனுக்கு யார் போவது, இருட்டினால் யார் கூட்டிவருவது, சாதாரணதரம் முடியட்டும் பார்ப்போம். இந்த ஐந்து வாக்கியங்களும் ஓட்டமாவடியிலும் ஒன்றுதான், திருக்கோவிலிலும் ஒன்றுதான். சொல்பவர்கள் கொடியவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் சொல்வதற்குத் திருப்பிச் சொல்ல பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் கையில் எதுவும் இருப்பதில்லை.

மட்டக்களப்பு மரபில் வீடு மகளுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் வாழ்வார். குடி என்ற குலப் பிரிவும் தாய்வழியாகவே வரும். வெளியூர் ஆய்வாளர்கள் இதையெல்லாம் வியந்து எழுதிவிட்டுப் போகிறார்கள். பின்னேரம் நான்கு மணிக்கு ஊர் மைதானத்தைப் போய்ப் பார்த்தால் அந்த மரபு வேலிக்கு உள்ளேயே நின்றுவிட்டது தெரியும். மைதானத்தில் மென்பந்து கிரிக்கெட், ஓரத்தில் உதைபந்து. பெண்பிள்ளைகளுக்கு மிஞ்சுவது மைதானத்தைச் சுற்றிப் போகும் றோட்டு.

விளையாட்டு வீராங்கனைகளின் உண்மைக் கதைகளைப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கொடுப்பது பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ‘ஊக்கம்’ என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். ஏதோ ஊக்கம் என்பது மருந்துக் குப்பியில் வருவது போலவும், இரண்டு கரண்டி கொடுத்தால் பிள்ளை எழுந்து ஓடும் என்பது போலவும். சில ஆண்டுகளாக ஊர் நூலகம் ஒன்றில் சனிக்கிழமை வாசிப்பு வட்டம் ஒன்றை நடத்திவருகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த வரையில் கதை அப்படி வேலை செய்வதில்லை. பிள்ளை கதையை வீட்டுக்குக் கொண்டுபோகிறாள். அங்கே அதை ஒரு சான்றாக வைக்கிறாள்.

சான்று என்று சொல்லும்போது இந்த மண்ணில் நினைவுக்கு வராமல் போகாதவள் கண்ணகி. வைகாசி பிறந்தால் மட்டக்களப்புத் தேசத்துக் கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு தொடங்கிவிடும். அவள் கதையைச் சொல்லும் வழக்குரை பாடப்படும், கடைசியில் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கு. அந்தப் பாட்டை மடியில் இருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பாண்டியன் சபையில் கண்ணகியின் கோபமும் கண்ணீரும் கதையைத் தூக்கி நிறுத்துகின்றன என்றாலும், வழக்கை வென்றது சிலம்புக்குள் இருந்த மாணிக்கம். அரசியின் சிலம்பில் முத்து, இவள் சிலம்பில் மாணிக்கம். உடைத்துக் காட்டியதும் அரசனிடம் பதில் இல்லை. கட்டிய கதை என்றால் அங்கே அவள் தோற்றிருப்பாள்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கதை உண்மையாக இருக்க வேண்டியதன் காரணமும் இதுதான். கற்பனைக் கதையில் வரும் ஓட்டக்காரியைப் பற்றி அம்மாவிடம் சொன்னால், ‘அது கதை மகள்’ என்று சொல்லிவிட்டு அம்மா தேங்காய் துருவப் போய்விடுவார். பெயரும் ஊரும் ஆண்டும் உள்ளவளைப் பற்றிச் சொன்னால் துருவலை நின்று ஒரு கேள்வியாவது வரும்: ‘அவளுடைய தாய் தகப்பன் என்ன சொன்னார்களாம்?’

அந்தக் கேள்விக்கு விடை இல்லாத கதைகள்தான் நம் கைகளுக்கு அதிகம் வருகின்றன. பிறந்த திகதி, பெற்ற பதக்கங்கள், கிடைத்த விருதுகள், அடியில் ஒரு படம். பொது அறிவுப் போட்டிக்கு அது போதும். வீட்டு வாதத்துக்கு உதவாது.

குத்துச்சண்டை வீராங்கனை மேரி கோமை எடுத்துக்கொள்ளலாம். மணிப்பூரின் காங்கத்தே என்ற சிற்றூரில் 1982இல் பிறந்தவர். ஆறு தடவை உலக சம்பியன், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம். இதை ஒரு வரியில் சொல்லி முடித்துவிடலாம். எங்கள் வட்டத்துப் பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைத்தது வேறு இடம். குத்துச்சண்டை பழகுவதை அவர் தகப்பனுக்குச் சொல்லவில்லை. 2000ஆம் ஆண்டு மாநிலப் போட்டியில் வென்றபோது பத்திரிகையில் படம் வந்துவிட்டது. தகப்பன் படத்தைப் பார்த்துத்தான் அறிந்தார். முகத்தில் காயம் பட்டால் யார் கலியாணம் கட்டுவார்கள் என்பது அவருடைய கவலை. இந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தி, அந்தத் தகப்பன் அடுத்து என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டுப் பாருங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் விடை தெரியும், அச்சொட்டாகத் தங்கள் தகப்பனின் குரலிலேயே சொல்வார்கள். பிறகுதான் அந்தத் தகப்பன் மனம் மாறி மகளுக்குத் துணை நின்றதையும், மேரி கோம் திருமணம் முடித்து 2007இல் இரட்டைக் குழந்தைகளைப் பெற்று அடுத்த ஆண்டே மீண்டும் உலகப் பட்டம் வென்றதையும் சொல்ல வேண்டும். ‘யார் கட்டுவார்கள்’ என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

ஓட்ட வீராங்கனை வில்மா ருடோல்ஃபின் கதையில் எனக்குப் பிடித்தது அவருடைய மூன்று தங்கப் பதக்கங்களைவிட அவருடைய வீடுதான். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1940இல் பிறந்த கறுப்பினப் பெண். தகப்பனின் 22 பிள்ளைகளில் 20ஆவது. சிறுவயதில் போலியோ வந்து இடது கால் வலுவிழந்தது. கறுப்பினத்தவருக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவமனை நாஷ்வில் நகரில்தான் இருந்தது, ஏறத்தாழ 80 கிலோமீற்றர். அக்கரைப்பற்றிலிருந்து மட்டக்களப்புக்கு வருவதைவிடக் கூடிய தூரம். வீட்டு வேலைக்குப் போய்வந்த தாய் கிழமைக்குக் கிழமை மகளை அங்கே கொண்டுபோனார். மற்ற நாட்களில் அண்ணன்மாரும் அக்காமாரும் மாறி மாறி, நாளுக்கு நான்கு தடவை, அந்தக் காலை உருவிவிட்டார்கள். 1960இல் ரோமில் 100 மீற்றர், 200 மீற்றர், அஞ்சலோட்டம் மூன்றிலும் தங்கம் வென்றது அந்தக் கால்.

எண்ணெய் போட்டுக் கால் உருவுவது எங்கள் வீடுகளில் அன்றாடம் நடப்பது. அதனால் இந்தக் கதை தூரத்துக் கதையாகத் தெரிவதில்லை. இன்னொன்றும் உண்டு. இதில் அண்ணன்மாருக்கு ஒரு வேலை இருக்கிறது. பெண்களின் கதைகளைப் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் கொடுப்பது நம் பாடசாலைகளின் ஒரு கெட்ட பழக்கம். மைதானத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஆண்பிள்ளைகள் அல்லவா இதை முதலில் வாசிக்க வேண்டும்? ரோமிலிருந்து ஊருக்குத் திரும்பிய வில்மா, வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனி வரவேற்பு என்றால் வரமாட்டேன் என்று நின்றார். அவருடைய ஊரில் இரு நிறத்தவரும் ஒன்றாகக் கூடிய முதல் பொது நிகழ்ச்சி அந்த ஊர்வலம்தான். இதைத் தனியாக விளக்க வேண்டிய தேவை கிழக்கு மாகாணத்தில் இல்லை.

பிட்டும் தேங்காய்ப் பூவும் போல என்று தமிழர், முஸ்லிம் உறவைச் சொல்வது இங்கே வழக்கம். மேடையில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன உவமை. ஊர்கள் அப்படித்தான் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. பிள்ளைகளின் பாடசாலைகள் வேறு, நூலகங்களும் பெரும்பாலும் வேறு. ஒரே கதையை இரு பக்கத்துப் பிள்ளைகளும் வாசிக்க ஒரு வழி உண்டா என்று தேடியபோது அகப்பட்டது ஓர் ஓட்டம்.

1984 ஆகஸ்ட், லொஸ் ஏஞ்சல்ஸ். பெண்களுக்கான 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டம் ஒலிம்பிக்கில் முதன்முதலாக நடக்கிறது. இறுதி ஓட்டத்தில் கேரளத்துப் பையோலியைச் சேர்ந்த பி. டி. உஷா, 20 வயது. அதே ஓட்டத்தில் மொரோக்கோவின் நவால் எல் மூத்தவக்கில், 22 வயது. நவால் 54.61 விநாடியில் முதலாவதாக வந்தார். முஸ்லிம் பெரும்பான்மை நாடொன்றிலிருந்து ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் பெண் அவர்தான். மொரோக்கோவுக்கும் அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம். உஷா 55.42 விநாடியில் நான்காவது. மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண்ணின் நேரம் 55.41.

விநாடியின் நூறில் ஒரு பங்கு என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் விளங்காது. உஷாவின் வேகத்தில் அது ஏறத்தாழ 7 சென்டிமீற்றர். அடிமட்டத்தை எடுத்துக் கொடுத்து அளந்து காட்டச் சொன்னால் வகுப்பு அமைதியாகிவிடும். 400 மீற்றர் ஓடி, பத்துத் தடைகள் தாண்டி, இவ்வளவுதான் வித்தியாசம். தோற்றவரின் கதை இங்கே முடிந்தது என்று புத்தகத்தை மூடினால் அது பொய். இரண்டு ஆண்டுகள் கழித்து சோல் ஆசிய விளையாட்டில் உஷா நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார்.

இப்போது இரண்டு பெண்களின் வீட்டுப் பக்கத்துக்கு வர வேண்டும். உஷாவைச் சிறுமியாகக் கண்டெடுத்துப் பயிற்றியவர் ஓ. எம். நம்பியார். கேரள அரசு பெண்பிள்ளைகளுக்கென விடுதியோடு நடத்திய விளையாட்டுப் பாடசாலையில் 1976இல் சேர்ந்த பிறகுதான் அது நடந்தது. அரசு ஒன்று கதவைத் திறந்து வைத்திருந்தது என்பது அந்தக் கதையின் ஒரு பாதி. அதைச் சொல்லாமல் ‘விடாமுயற்சி’ என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் பாதிக் கதையைத் திருடியவர்கள் ஆவோம். நவாலுக்கு ஓட ஊக்கம் தந்தவர் தகப்பன். மகள் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் படிக்கவும் ஓடவும் போனபின், ஒலிம்பிக் வருவதற்கு முன்பே அவர் இறந்துபோனார். நவால் பின்னாளில் தன் நாட்டின் விளையாட்டுத்துறை அமைச்சரானார், சர்வதேச ஒலிம்பிக் குழுவிலும் உறுப்பினரானார்.

ஒரே ஓட்டத்தை உஷாவின் பக்கத்திலிருந்து ஒரு குழுவும் நவாலின் பக்கத்திலிருந்து மற்றக் குழுவும் எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி. எழுதியவர்கள் கட்டாயம் பக்கம் மாற வேண்டும் என்று ஒரு விதி வைத்தோம். முதலில் முகம் சுளித்தார்கள். எழுதியபோது தோற்றவரின் பக்கம்தான் எல்லோருக்கும் நீளமாக வந்தது.

முஸ்லிம் பெண்பிள்ளைகளின் வாதத்துக்கு இன்னும் சில சான்றுகள் தேவைப்படுகின்றன, ஏனென்றால் அங்கே உடை பற்றிய கேள்வியும் கூடவே வருகிறது. பஹ்ரைனின் ருகையா அல் கஸ்ரா தலையை மறைத்த உடையோடு ஓடி 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 200 மீற்றர் தங்கம் வென்றார். அமெரிக்க வாள்வீச்சு வீராங்கனை இப்திஹாஜ் முஹம்மத் ஹிஜாபோடு 2016 ரியோவில் அணிப்போட்டியில் வெண்கலம் வென்றார். உதைபந்தாட்டத்தின் உலகச் சம்மேளனம் தலைத்துணிக்கான தடையை 2014இல் நீக்கியது, கூடைப்பந்தாட்டத்தில் 2017இல் நீங்கியது. அமெரிக்க இயேசுசபைக் குருமார் கூடைப்பந்தை ஊன்றிவிட்டுப்போன மட்டக்களப்பில் இந்தக் கடைசித் தகவல் பலருக்கும் புதிதாக இருப்பது எனக்கு வியப்புத்தான். அதோடு, ஆயிஷா நாயகி நபிகளாருடன் ஓட்டப் போட்டி ஓடி ஒருமுறை முந்தியதும், பிறகு ஒருமுறை நபிகளார் முந்தியதும் ஹதீஸில் உள்ள செய்தி. மௌலவியாசிரியர் ஒருவர் அதை எடுத்துச் சொன்னால் நான் பத்துக் கதை சொல்வதற்குச் சமம்.

இனி இலங்கைக்கு வருவோம். சுசந்திகா ஜயசிங்கவின் கதையை நம் பிள்ளைகள் அறிந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் தொடங்கினேன். பெயர் தெரிகிறது, கதை தெரியவில்லை. வறக்காப்பொலைப் பக்கத்து ஏழைக் கிராமத்துப் பெண். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றரை 22.28 விநாடியில் ஓடினார். 1948இல் டங்கன் வைட் வென்ற வெள்ளிக்குப் பிறகு 52 ஆண்டுகள் இலங்கைக்கு ஒலிம்பிக் பதக்கமே இல்லை. 22.28 விநாடி என்பது என்ன வேகம் என்று எங்கள் பிள்ளைகள் கல்லடிப் பழைய பாலத்தை வைத்துக் கணக்குப் போட்டார்கள். பாலம் ஏறத்தாழ 290 மீற்றர். அதே வேகம் தளராமல் ஓடினால் 32 விநாடியில் அக்கரை. சைக்கிளில் போகிறவர்கள் பலர் அந்த நேரத்தில் பாதிப் பாலத்தைத் தாண்டியிருக்க மாட்டார்கள்.

அன்று அவருக்குக் கிடைத்தது வெண்கலம். முதலாவதாக வந்தவர் அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ். ஏழு ஆண்டுகள் கழித்து, தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்து எடுத்ததை ஜோன்ஸ் ஒப்புக்கொண்டார், பதக்கங்கள் பறிக்கப்பட்டன, பொய் சொன்னதற்காகச் சிறைக்கும் போனார். 2009இல்தான் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக மாறியது. மைதானத்தில் கொடி ஏறும்போது கழுத்தில் விழ வேண்டிய வெள்ளி, ஒன்பது ஆண்டுகள் கழித்து ஒரு தீர்மானமாக வந்து சேர்ந்தது. பழைய பொது அறிவுப் புத்தகங்களில் இன்னும் வெண்கலம் என்றே இருக்கிறது. பிள்ளைகள் பேனையால் வெட்டித் திருத்திக்கொண்டார்கள். நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாது என்ற விதியை அன்று நான் கவனிக்காததுபோல இருந்துவிட்டேன்.

உண்மைக் கதையின் சங்கடமும் இங்கேதான் தொடங்குகிறது. உண்மை நிலையாக நிற்பதில்லை. 2007 வரைக்கும் மரியன் ஜோன்ஸும் பிள்ளைகளுக்கு முன்மாதிரிதான். இன்னும் கிட்டத்தில், திருச்சிக்கு அருகே முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 2019இல் தோஹாவில் ஆசியத் தடகளத்தில் 800 மீற்றர் தங்கம் வென்றபோது தமிழ்ப் பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன. மகளை அதிகாலையில் எழுப்பிப் பயிற்சிக்கு அனுப்பிய விவசாயத் தகப்பனின் கதை எல்லோர் வாயிலும் இருந்தது. அடுத்த ஆண்டே ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கி நான்கு ஆண்டுத் தடை, தங்கமும் போயிற்று. அவர் தான் தெரிந்து எடுக்கவில்லை என்றார். இதைப் பிள்ளைகளிடமிருந்து மறைப்பதா?

மறைக்கக் கூடாது என்பது என் கருத்து. மறைத்தால், கையடக்கத் தொலைபேசியில் ஒருநாள் அதைப் பார்க்கும் பிள்ளை மற்ற எல்லாக் கதைகளையும் சந்தேகிப்பாள். வீட்டில் வாதாடும்போது எதிர்த்தரப்பு அந்த ஒன்றையே எடுத்து முகத்தில் எறியும். தரம் 5க்குக் கீழே இதெல்லாம் வேண்டாம், அவர்களுக்கு ஒரு காட்சி போதும், வில்மாவின் காலை உருவும் அண்ணன் போதும். பதின்மூன்று, பதினான்கு வயதுக்கு இது தாங்கும். சொல்லப்போனால் அந்த வயதில் அவர்கள் தேடுவதே இதைத்தான்.

சாந்தி சௌந்தரராஜனின் கதை இன்னும் கடினம். புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைக் கூலிகளின் மகள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீற்றரில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனை என்று ஒன்றை வைத்து, அதில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் எந்த மருந்தும் எடுக்கவில்லை, எவரையும் ஏமாற்றவில்லை. தன் உடம்பு எப்படி அமைந்ததோ அப்படியே ஓடினார். ஊரே பார்க்க அவமானப்பட்டு, ஒரு காலம் மீண்டும் சூளை வேலைக்கே போய், பிறகு பயிற்றுநராக எழுந்து பல பிள்ளைகளை ஓட வைத்தார். இதை நான் எல்லாக் குழுவுக்கும் கொடுப்பதில்லை. ஒருமுறை கொடுத்தேன். வாசித்து முடிந்ததும் ஒரு பிள்ளை கேட்டாள்: ‘பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களா?’ இல்லை என்றேன். வேறு எந்தக் கதைக்கும் அவர்கள் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

ஒரு விடயத்தில் எனக்குப் பொறுமை குறைவு. ‘வெறுங்காலோடு ஓடி வென்றாள்’ என்ற வகைக் கதைகள். நடந்தது உண்மைதான், பல வீராங்கனைகள் அப்படித்தான் தொடங்கினார்கள். ஆனால் அதைத் திரும்பத் திரும்பப் போற்றும்போது, சப்பாத்து வாங்கிக் கொடுக்காதவர்கள் எல்லோரும் கைதட்டிவிட்டுப் போகலாம் என்றாகிவிடுகிறது. படுவான்கரையிலிருந்து ஆற்றைத் தாண்டி வலயப் போட்டிக்கு வரும் பிள்ளை, வெறுங்காலுக்காகப் புகழப்படுவதை விரும்பவில்லை. அவளுக்குத் தன் அளவில் ஒரு சோடிச் சப்பாத்து வேண்டும், பஸ் காசு வேண்டும், திரும்பி வர நேரத்துக்கு ஒரு பஸ் வேண்டும். கதை இதைக் கேட்கக் கற்றுக்கொடுக்காவிட்டால் வாசித்து என்ன பயன்?

எங்கள் வட்டத்தில் அதிகம் கைமாறிய கதை தர்ஜினி சிவலிங்கத்தினுடையது. யாழ்ப்பாணத்துப் பெண், 6 அடி 10 அங்குலம், இலங்கை வலைப்பந்தாட்ட அணிக்குக் கோல் போட்டவர். 2009இலும் 2018இலும் இலங்கை ஆசியச் சம்பியன் ஆன அணிகளில் இருந்தவர். சிறுவயதில் உயரத்துக்காகக் கேலிக்கு ஆளானவர். வகுப்பில் பின்வாங்கில் கூனிக்கொண்டு இருக்கும் உயரமான பிள்ளைகள் ஒவ்வொரு பாடசாலையிலும் உண்டு. அவர்களுக்கு இந்தக் கதையை யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை, தாங்களே தேடி எடுத்துக்கொள்கிறார்கள். தமிழ் பேசும் பெண் தேசிய அணியின் சட்டையைப் போட முடியும் என்பதற்கு அவரே சான்று என்பதும் இங்கே சின்ன விடயம் அல்ல. கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையைப் பலமுறை புதுப்பித்த தெல்லிப்பழை மகாஜனாவின் அனித்தா ஜெகதீஸ்வரனையும் அதே வரிசையில் வைக்கலாம். முள்ளியவளை அகிலத்திருநாயகி 72 வயதில், 2023இல், பிலிப்பைன்ஸ் போய் மூத்தோர் தடகளத்தில் தங்கம் வென்றதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அம்மம்மாமார் சிரிப்பதில்லை.

கடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2004 மார்கழி 26க்குப் பிறகு இந்தக் கரையில் பெண்பிள்ளைகளைக் கடலில் இறங்கவிடாத தாய்மாரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நாவலடியிலும் கல்முனையிலும் மருதமுனையிலும் அன்று போனவர்களில் நீந்தத் தெரியாத பெண்கள் எத்தனை பேர் என்று ஊருக்குத் தெரியும். சிரியாவின் யுஸ்ரா மர்தினியின் கதையை அதனால்தான் தயங்கித் தயங்கிக் கொடுத்தேன். 2015இல், ஆறேழு பேருக்கான ரப்பர் படகில் இருபது பேரளவில் துருக்கியிலிருந்து கிரேக்கத்துக்குப் போகும்போது இயந்திரம் நின்றுவிட்டது. நீந்தத் தெரிந்த யுஸ்ராவும் அக்காவும் வேறு இருவரும் தண்ணீரில் குதித்து மணிக்கணக்காகப் படகை இழுத்தார்கள், எல்லோரும் கரை சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் அகதிகள் அணியில் யுஸ்ரா நீந்தினார். அரையிறுதிக்குத் தகுதி பெறவில்லை. அதனால் என்ன என்று பிள்ளைகளே கேட்டார்கள். பொத்துவில் அருகே அறுகம்பையில் 2018இல் பெண்களுக்கென்றே ஓர் அலைச்சறுக்குக் கழகம் தொடங்கியிருப்பது இதற்குப் பக்கத்திலேயே இருக்கும் செய்தி. வெளிநாட்டுப் பயணிகள் சறுக்குவதைக் கரையில் நின்று பார்த்த ஊர்ப் பெண்கள் பலகையை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். நீந்தத் தெரிந்தால் கடல் கொஞ்சம் சிறிதாகும் என்ற வாதத்தை ஒரு தாய் கேட்டுக்கொண்டிருந்தார். ஒப்புக்கொள்ளவில்லை. ‘குளத்தில் பழகட்டும்’ என்றார். அதுவும் ஒரு வெற்றிதான் என்று எடுத்துக்கொண்டோம்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பெண்களின் கதைகள் எங்கே? வெபர் மைதானத்தில் ஓடிய பெண்கள் எத்தனை தலைமுறை! வலைப்பந்தில் மாகாணத்தை வென்ற அணிகள், எல்லே என்ற பந்தடி விளையாட்டில் பேர் எடுத்த கிராமங்கள் எல்லாம் உண்டு. பத்திரிகையில் வந்ததெல்லாம் மூன்று வரி: பெயர், பாடசாலை, இடம். யார் சப்பாத்துக் கொடுத்தது, யார் தடுத்தது, ஏன் நிறுத்தினாள் என்பது எந்த வரியிலும் இல்லை. ஆகவே கடந்த வாசிப்பு மாதத்தில் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்தோம். உங்கள் ஊரில் ஒருகாலம் ஓடிய ஒரு பெண்ணைத் தேடிப் பிடியுங்கள், இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

தரம் 8 பிள்ளை ஒருத்தி தன் அம்மம்மாவிடமே கேட்டாள். அம்மம்மா 100 மீற்றரில் முதலிடமாம். உடற்கல்வி ஆசிரியை கொடுத்த சப்பாத்து இரண்டு அளவு பெரிதாம், முனையில் பஞ்சு அடைத்துக்கொண்டு ஓடினாராம். எந்த ஆண்டு என்றதற்கு ‘சூறாவளிக்கு முந்திய வருடம்’ என்றாராம். பிள்ளை 1977 என்று எழுதிக்கொண்டாள். சான்றிதழ்? கூரையோடு சேர்த்து அதையும் சூறாவளி கொண்டுபோய்விட்டது.

சான்று இல்லாமல் கதையை எப்படிச் சேர்ப்பது என்று வட்டத்தில் பெரிய வாக்குவாதம். கடைசியில் ஒருத்தி சொன்னாள், சாட்சி ஒருவர் இருந்தால் போதும் என்று. அந்த ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தவர் ஆற்றுக்கு அக்கரையில் பேரப்பிள்ளைகளோடு இருப்பதாகத் தெரியவந்தது. நான்கு பிள்ளைகள் ஒரு ஆசிரியையுடன் போய்க் கேட்டார்கள். அந்த அம்மா சப்பாத்தை நினைவு வைத்திருந்தார், பஞ்சையும் நினைவு வைத்திருந்தார், சூறாவளிக்கு முந்திய வருடம் என்பதையும் ஒப்புக்கொண்டார். தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு, ‘ஆனால் முதலாவதாக வந்தது நான்தான்’ என்றார்.